ஆறு இரையில் ஒரு பாறை: உயிர் இரை வைத்துப் படகில் மீன் பிடிக்க முழு வழிகாட்டி

தொட்டியில் 25 அயிலை உயிரோடு போட்டிருந்தேன். மீன் பிடிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் 19 அயிலை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. துறைமுக வாயில் எண்ணெய்ப் படலம் கிடந்தது, அந்த அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் ஏறிவிடக் கூடாதே என்று பம்பின் வால்வை மூடியவன் நான். தாண்டிய பிறகு திறக்க மறந்தவனும் நான்தான். படகில் இருந்த மற்ற இரண்டு பேரும் கொஞ்ச நேரம் என்னிடம் பேசவே இல்லை. மிச்சம் ஆறு இரை. அதில் ஐந்தை ஆளுக்கொரு தப்புச் செய்து தொலைத்தோம், ஆறாவதில் பாறை என்று நாம் சொல்லும் மீன், டிரெவல்லி, பெரியதாக ஒன்று ஏறியது. பத்துப் பதினைந்து மீன் பிடித்த நாட்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறந்துபோய்விட்டன, இந்த ஒரு நாள் மட்டும் மணிக்கு மணி நினைவில் இருக்கிறது.

இந்த வழிகாட்டியை அந்த நாளை வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் செய்யக் கூடாத எல்லாவற்றையும் அன்றைக்குச் செய்தோம். புதிதாகக் கடலுக்குப் போகிறவர்கள் ராடு, ரீல் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் இரைத் தொட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள்: போகலாமா வேண்டாமா

வானிலை அறிக்கையில் எல்லாரும் காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், அதனால் 15 நாட் என்று போட்டிருந்தால் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். சின்னப் படகுக்கு அதற்கு மேல் நான் போவதில்லை. ஆனால் காற்றைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அலையின் உயரமும் இரண்டு அலைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும். 12 நொடிக்கு ஒன்றாக வரும் ஒன்றரை மீட்டர் அலையில் படகு நிதானமாக ஏறி இறங்கும், ஒன்றும் தெரியாது. அதே இடத்தில் 4 நொடிக்கு ஒன்றாக 1 மீட்டர் அலை வந்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். இன்னொன்று, நீரோட்டம் ஒரு பக்கம் போக காற்று அதற்கு எதிராக அடித்தால் அலை செங்குத்தாக எழும்பி உடையும். காலையில் சாதுவாக இருந்த அதே கடல், ஓட்டம் திரும்பியதும் மதியம் வேறு மாதிரி இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஏற்ற வற்ற அட்டவணையையும் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் வரும் கடலில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். உயிர் இரைக்கு நீர் ஓட வேண்டும், ஆனால் ஈயம் தரையில் நிற்காத அளவுக்கு ஓடக் கூடாது. ஓட்டம் நின்று மறுபடி ஆரம்பிக்கிற அந்த முதல் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம், அந்த நேரத்தில் இடத்தில் இருக்கும்படி கணக்குப் போட்டுக் கிளம்புவேன்.

பாதுகாப்புச் சாமான்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், சுருக்கமாகச் சொல்வதால் முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு உயிர் காக்கும் அங்கி, அதுவும் பெட்டிக்குள் இல்லை, உடம்பில். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுகிறவரோடு இணைந்திருக்க வேண்டும். விஎச்எஃப் ரேடியோ, அதில் 16ஆம் சேனல் உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கானது என்பது படகில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால், விழுந்தவரே அவராக இருந்தால் என்ன செய்வது? எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கடல் குமட்டலுக்கான மாத்திரை எடுக்கிறவர்கள் படகு ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியேதான் வரும். அடிவானத்தைப் பாருங்கள், குனிந்து முடிச்சுப் போடாதீர்கள். அதனால்தான் எல்லா முடிச்சையும் முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட வேண்டும் என்கிறேன்.

சாமான்: தேவையான அளவுக்கு மட்டும்

நடுத்தர வேலைக்கு சுமார் 2 மீட்டர் நீளத்தில் ஒரு ராடு, 15 முதல் 20 கிலோ தாங்கும் பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு, அதன் முனையில் அதைவிடக் கொஞ்சம் தடிமனாக 2 மீட்டர் லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்பு. பிரெய்டு நீளாது, அதனால் மீன் மூச்சுவிட்டால்கூடக் கையில் தெரியும். ஆனால் பாறையில் உரசினால் நொடியில் அறுந்துவிடும், கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். இந்த இரண்டுக்காகவும்தான் லீடர். ஃபுளூரோகார்பன் லீடருக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, சாதாரண நைலான் நரம்புக்கு அதைவிட அதிகம். தண்ணீருக்குள் குறைவாகத் தெரிகிறது என்று சொல்வதன் அடிப்படை அவ்வளவுதான். எனக்கு அதைவிட உரசலைத் தாங்குவதுதான் அதில் பிடித்த விஷயம். எந்த நரம்பாக இருந்தாலும் முடிச்சை எச்சிலில் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பில் வெடுக்கென்று இழுத்தால் சூட்டில் அந்த இடம் நைந்துபோகும், பெரிய மீன் மாட்டும் வரை அது தெரியாது.

முள்ளின் அளவை மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விரல் நீள மத்திக்கு ஆணி மாதிரி தடித்த முள்ளை மாட்டினால் அது நீந்தாது, தொங்கும். மெல்லிய கம்பியில் செய்த, ஆனால் உறுதியான முள் வேண்டும்.

முள்ளில் இரண்டு ஜாதி. ஜே வடிவ முள், மீன் கடித்ததும் நீங்கள் வெட்டி இழுக்க வேண்டியது. வளைந்து முனை உள்பக்கம் பார்க்கும் சர்க்கிள் ஹூக், நீங்கள் இழுக்கவே கூடாதது. இது பார்க்க மீனையே பிடிக்காது போல இருக்கும். ஆனால் மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போகும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்து வாயோரத்தில் திரும்பிக் குத்தும். எலும்பிலும் கிளிஞ்சலிலும் முள் செய்த காலத்திலேயே பசிபிக் தீவுகளில் இந்த வடிவம் இருந்திருக்கிறது. உயிர் இரைக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன், வயிற்றுக்குள் முள் பெரும்பாலும் போகாததால் விட வேண்டிய மீனை உயிரோடு விடவும் முடியும்.

அன்றைக்கு முதல் இரண்டு இரையும் போனது சீலாவிடம். இழுத்துப் பார்த்தால் தலை மட்டும் முள்ளில், பின்பாதி கத்தியால் வெட்டியது போல. வஞ்சிரமும் அப்படித்தான், வாலை முதலில் வெட்டிவிட்டு இரை நின்ற பிறகு திரும்பி வரும். ஒரு தடவை அப்படி நடந்தால் உடனே ஒரு சாண் நீளக் கம்பி லீடரைச் சேர்த்து, இரையின் வால் பக்கம் இன்னொரு சின்ன முள்ளைத் தொங்கவிடுங்கள். எங்கள் கம்பி லீடர் பையின் அடியில் எங்கோ இருந்தது, தேடச் சோம்பல்பட்டு இரண்டாவது இரையையும் அதே நரம்பில் விட்டோம். சீலாவுக்குச் சந்தோஷம்.

இரை பிடிப்பது

விடிவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். வெளிச்சம் விழும் தூண்களின் ஓரம், மிதவைகளின் அடி, சின்ன மீன் தண்ணீரின் மேல் மழைத்துளி போலத் தெறிக்கிற இடம், இங்கெல்லாம் பாருங்கள். சபிக்கி என்கிற ஆறு சின்ன முள் கோர்த்த நரம்பு போதும், முள்களில் மீன் தோலோ இறகோ பளபளப்பாகக் கட்டியிருக்கும், அடியில் ஈயம். இறக்கிவிட்டு ராடின் நுனியை ஒரு முழம் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். ஆட்டு ஆட்டென்று ஆட்ட வேண்டியதில்லை. ஆறு முள்ளிலும் மீன் ஏறட்டும் என்று பேராசைப்பட்டால் எல்லாம் ஒன்றையொன்று சுற்றி, பிரிப்பதற்குள் மூன்று செத்துவிடும். இரண்டு மூன்று ஏறியதும் தூக்கிவிடுவேன். எந்த ஆழத்தில் கடித்தது என்று மட்டும் கவனியுங்கள், அடுத்ததும் அங்கேதான்.

வீச்சு வலையில் பிடித்தால் அள்ளிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் வலையில் ஒன்றோடொன்று உரசிச் செதில் கொட்டிய மீன் மத்தியானம் வரை தாங்காது.

இங்கேதான் முக்கியமான விஷயம். பிடித்த இரை மீனைக் கையால் தொடாதீர்கள். அதன் உடம்பு முழுக்க உள்ள வழவழப்புப் பூச்சுதான் அதற்குத் தோல் மாதிரி. காய்ந்த கை பட்டால் அது வழிந்துபோகும், நோயும் உப்பும் உள்ளே இறங்கும். ஒரு வளைந்த கம்பியால் முள்ளைப் பிடித்துத் தொட்டியின் மேல் தலைகீழாகத் திருப்பினால் மீன் தானாகக் கழன்று தண்ணீரில் விழும். தொட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்து துள்ளியதைத் தொட்டியில் போடவே போடாதீர்கள், பாவம் பார்த்துப் போட்டீர்களென்றால் அது செத்து மற்றதையும் கெடுக்கும். அதைத் துண்டு போட்டு இறந்த இரையாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று, எந்த மீனை இரையாக வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்பதற்குச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்து இரையை உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூடாது, நோயும் அந்நிய இனமும் பரவுவது இப்படித்தான்.

இரைத் தொட்டி

தொட்டி உருண்டையாக இருக்க வேண்டும், நீள்வட்டமாக இருந்தாலும் சரி. சதுரப் பெட்டியில் மூலை இருக்கும், மத்தி மாதிரி மீன் மூலையில் முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். மத்தி, அயிலை இரண்டுக்கும் முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் போதுமான தண்ணீர் ஓடும். அதனால் உள்ளே வரும் தண்ணீர்க் குழாயைச் சாய்வாக வைத்து, தொட்டிக்குள் ஒரே பக்கமாக மெல்லிய சுழல் வரும்படி செய்யுங்கள். மீன்கள் எல்லாம் அந்தச் சுழலுக்கு எதிராக ஒரே திசையில் வரிசையாக நீந்தினால் தொட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றாலோ, மேலே வந்து வாயைத் திறந்தாலோ ஏதோ சரியில்லை, உடனே பாருங்கள். சுழல் பலமாக இருந்தாலும் தப்பு, நாள் முழுக்க ஓடி ஓடிக் களைத்துவிடும்.

எத்தனை மீன் போடலாம்? கையகல அயிலை என்றால் ஒன்றுக்கு 4 லிட்டர் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு, 100 லிட்டர் தொட்டிக்கு 25. தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆறேழு தடவையாவது முழுசாக மாற வேண்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், இரண்டு பக்கமும் இடி. காலையில் 25 தாங்கிய தொட்டி உச்சி வெயிலில் 15தான் தாங்கும். மூடியைப் போட்டு நிழலில் வையுங்கள். சூடு அதிகமானால் தண்ணீர் அடைத்து உறையவைத்த பாட்டிலை மூடியபடி உள்ளே போடலாம். ஐஸ் கட்டியை நேராகக் கொட்டாதீர்கள், குழாய்த் தண்ணீர் ஐஸில் குளோரின் இருக்கும், உப்பும் நீர்த்துப்போகும்.

பிடித்த முதல் அரை மணி நேரம் மீன் பதற்றத்தில் நிறையக் கழிவு போடும், செதில் உதிரும், தண்ணீர் நுரைக்கும். அந்த நேரத்தில் புதுத் தண்ணீர் தாராளமாக ஓடட்டும். ஓட்டிக் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை மூடியைத் திறந்து செத்ததை எடுத்துவிடுங்கள். நான் அன்றைக்கு இந்த ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால்கூட 19 மீன் செத்திருக்காது. வால்வை மூட வேண்டிய நேரங்கள் உண்டு; எண்ணெய்ப் படலம், ஆற்று முகத்தில் கலங்கலாக வரும் நன்னீர், இதையெல்லாம் தாண்டும்போது மூடுவது சரிதான். மூடினால் தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடும் கருவியைப் போட்டுவிட்டு, எஞ்சின் சாவிக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி ஏதாவது ஒன்றை மாட்டுங்கள். நான் இப்போது தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டுகிறேன், வெயில் மண்டையில் உறைத்ததும் வால்வு ஞாபகம் வந்துவிடும்.

இடமும் நங்கூரமும்

வேட்டையாடும் மீன் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். கடலடிப் பாறைத் திட்டோ மூழ்கிய கப்பலோ இருந்தால், ஓட்டம் வந்து மோதுகிற பக்கத்து ஓரத்தில் சின்ன மீன் கூடும், அதற்குக் கொஞ்சம் கீழேயோ பக்கத்திலோ பெரியது காத்திருக்கும். கடலடியையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரில், அடியை ஒட்டி ஒரு மேகம் போல இரை மீன் தெரிந்து, அதன் ஓரத்தில் தனித்தனி வளைவுகள் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். நடுவில் காலியாக உள்ள திட்டில் எவ்வளவு அழகான பாறை இருந்தாலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். பறவைகள் ஒரே இடத்தில் வட்டமடித்துக் குத்திட்டு இறங்கினால் அது வேறு கதை. ஓரத்தில் போய் எஞ்சினைக் குறையுங்கள், கூட்டத்துக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போனால் மீன் அடியில் இறங்கிவிடும், பக்கத்துப் படகில் இருப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டிவரும்.

நங்கூரத்தைத் திட்டின் மேலே போடாமல் ஓட்டத்தின் மேற்பக்கம் தள்ளிப் போட்டு, கயிற்றை விட்டு விட்டுப் படகு திட்டின் விளிம்புக்கு வரும்படி நிறுத்த வேண்டும். ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு கயிறு இருந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். எப்போதும் அணியத்திலிருந்துதான் கட்ட வேண்டும், பின்பக்கம் கட்டினால் ஒரு பெரிய அலை பின்னால் ஏறிப் படகையே முழுக்கிவிடும். கயிற்றின் நுனியில் ஒரு மிதவை கட்டி வைத்தால், பெரிய மீன் மாட்டி ஓடும்போது கயிற்றை அப்படியே கழற்றி விட்டுவிட்டுத் துரத்தலாம், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஐந்தாவது இரை இந்த நங்கூரக் கயிற்றில்தான் சுற்றிக்கொண்டு போனது. இரையை அணியத்தின் பக்கம் விடக் கூடாது, பின்பக்கம் ஓட்டத்தோடு விட வேண்டும், தெரிந்தும் செய்தோம்.

மிதந்துகொண்டே பிடிப்பதும் நல்ல வழிதான், இடம் பெரிதாக இருந்தால் அதுதான் சரி. ஒருமுறை கடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, சுற்றி வந்து மேலிருந்து மறுபடி விடுங்கள்.

இரையை மாட்டி இறக்குவது

எங்கே குத்துகிறோம் என்பதைப் பொறுத்து இரை எப்படி நீந்தும் என்பது மாறும். ஓட்டம் பலமாக இருந்தாலோ, 2 நாட் வேகத்தில் மெல்ல இழுத்துக்கொண்டு போவதானாலோ, மூக்குத் துளை வழியாகக் குறுக்கே மாட்டுங்கள், முன்னோக்கி இழுபடுவதால் செவுளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நின்ற படகில், ஓட்டம் குறைவாக இருந்தால் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், தோலுக்கு அடியில் மேலாகக் குத்துங்கள். முதுகெலும்பைத் தொட்டால் இரை முடிந்தது. வயிற்றுக்குப் பின்னால், கீழ்த் துடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் படகைவிட்டு விலகிக் கீழ்நோக்கி நீந்தும், மேல் மட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பிடிவாதக்கார இரைக்கு இது உதவும். எப்படி மாட்டினாலும் முள்ளின் முனை வெளியே நன்றாகத் தெரிய வேண்டும், சர்க்கிள் ஹூக்கில் இது இன்னும் முக்கியம்.

நான்காவது இரையை நான் வீசினேன். ராடை வளைத்து ஒரு வீச்சு, முள் ஒரு பக்கம், அயிலை ஒரு பக்கம் பறந்து போய்ச் சுதந்திரமாக நீந்தியது. உயிர் இரையை வீசக் கூடாது, படகோரத்தில் தண்ணீரில் வைத்து, ரீலைத் திறந்து, அது தானாகப் போகும்படி நரம்பை விட வேண்டும்.

ஆழத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ராடில் ஈயம் இல்லாமல் மேலே சுதந்திரமாக, இன்னொன்றில் பலூனோ மிதவையோ கட்டி நடு ஆழத்தில், மூன்றாவதில் நரம்பு ஊடே ஓடும் ஈயம் போட்டு அடிக்கு மேலே ஒரு இரண்டு மீட்டர். மேலே வஞ்சிரம், சூரை; நடுவில் பாறை, கடல் விரால்; அடியில் களவா, சங்கரா என்று தோராயமாக எதிர்பார்க்கலாம், மீன் இந்த அட்டவணையைப் படித்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று ராடுக்கு மேல் சின்னப் படகில் வேண்டாம்.

டிராக்கை, அதாவது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை, முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை. 16 கிலோ நரம்பு என்றால் 4 கிலோவில் இருந்து 5 கிலோவுக்குள். கையால் இழுத்துப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கடிக்கு முன்னால்

உயிர் இரையில் எனக்கு இருக்கிற போதையே இந்தப் பகுதிதான். இரை சும்மா நீந்தும்போது ராடு நுனி ஒரே தாளத்தில் மெல்லத் தலையாட்டும். திடீரென்று அது தந்தி அடிப்பது போலத் துடிக்க ஆரம்பிக்கும். நரம்பு இந்தப் பக்கம் ஓடும், நின்று அந்தப் பக்கம் ஓடும். இரை பெரியதைப் பார்த்துவிட்டது. படகில் பேச்சு நின்றுவிடும். சில சமயம் இது ஐந்து நிமிடம்கூட நீடிக்கும், ஒன்றும் நடக்காமல் மறுபடி பழைய தாளத்துக்குத் திரும்பும். துடிப்பே இல்லாமல் நரம்பு கனமாக மட்டும் இருந்தால் இரை செத்துவிட்டது, மாற்றுங்கள்.

கடித்ததும் என்ன செய்வது? சர்க்கிள் ஹூக் என்றால் ஒன்றும் செய்யக் கூடாது. நரம்பு ஓடட்டும், மூன்றோ ஐந்தோ எண்ணுங்கள், திறந்த ரீலை மூடி, ராடை மீனை நோக்கி நீட்டியபடி நரம்பு இறுகும் வரை சுற்றுங்கள், அது தானாக மாட்டும். கேட்க எளிது. எங்களோடு முதல் தடவையாகக் கடலுக்கு வந்த நண்பர், மூன்றாவது இரையில் நுனி வளைந்த அதே நொடி ராடை ஆகாயத்துக்குத் தூக்கினார். முள் மீனின் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, குளத்தில் ஜே முள்ளில் பழகிய கை அது. முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாவது

ஆறாவது இரையை மாட்டும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, ஓட்டம் அப்போதுதான் திரும்பியிருந்தது. மூக்கில் மாட்டி, நனைந்த கையால் பிடித்து, தண்ணீருக்குள் வைத்துவிட்டு, ராடை நண்பரிடமே கொடுத்தோம். அவர் இரண்டு கையையும் ராடில் வைத்துக்கொள்ள, “எண்ணுங்கள், இழுக்காதீர்கள்” என்று இரண்டு பக்கமும் நின்று சொன்னோம். நுனி துடித்தது. நரம்பு ஓடியது. அவர் ஐந்து வரை சத்தமாக எண்ணினார்.

பாறை மீன் மாட்டியதும் முதல் ஐந்து நொடி கீழே திட்டை நோக்கித்தான் போகும், அந்த நேரத்தில் விடக் கூடாது. அதைத் தாண்டி வெளியே ஓட ஆரம்பித்துவிட்டால் ஓட விடுங்கள், ஓடும்போது ரீலைச் சுற்றிப் பயனில்லை, பிரெய்டு முறுக்கிக்கொள்ளும். அது நின்றதும் ராடை மெதுவாகத் தூக்கி, இறக்கும்போது சுற்ற வேண்டும். ராடை நேர் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள், படகோரத்தில் மீன் இருக்கும்போது அப்படிப் பிடித்தால்தான் நுனி ஒடியும். இன்னொரு கணக்கும் உண்டு: நரம்பு ஓட ஓட ரீலில் உள்ள உருளையின் விட்டம் குறையும், விட்டம் பாதியானால் மீன் உணரும் இழுப்பு இரண்டு மடங்காகும். நீங்கள் டிராக்கைத் தொடாமலேயே அது இறுகிவிடுகிறது. நிறைய நரம்பு போய்விட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது நங்கூரத்தை விட்டுப் படகோடு பின்னால் போங்கள். நாங்கள் போனோம்.

மற்ற இரண்டு ராடையும் உடனே சுற்றி எடுத்துவிட வேண்டும், படகு ஓட்டுகிறவர் மீனை எப்போதும் ஒரு பக்கவாட்டில் வைத்திருக்க வேண்டும், மீன் அடியில் புகுந்தால் எஞ்சின் இறக்கை நரம்பை வெட்டும். கைவலையைத் தண்ணீரில் முன்கூட்டியே வைத்து, மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள். வாலிலிருந்து போட்டால் ஒரே உதறலில் போய்விடும். கொக்கி போடுவது வைத்துக்கொள்ளப் போகிற மீனுக்கு மட்டும்.

முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நண்பரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, நான்தான் திறந்து கொடுத்தேன்.

விடுவதா வைப்பதா

விடுவதானால் முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். தூக்கினால் ஈரக் கையால் வயிற்றைத் தாங்கித் தூக்குங்கள், தாடையில் மட்டும் தொங்கவிட வேண்டாம். முள் ஆழமாகப் போயிருந்தால் நரம்பை முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டிவிடுங்கள், துருப்பிடிக்காத எஃகு அல்லாத முள் நாளடைவில் அரித்துப்போகும்.

ஆழத்திலிருந்து வரும் களவா, சங்கரா விஷயம் வேறு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, 30 மீட்டரில் மொத்தம் 4 மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே வந்தால் காற்றுப்பையில் உள்ள வாயு 4 மடங்கு விரியப் பார்க்கும். கண் பிதுங்கி, வாய் வழியாகப் பலூன் மாதிரி ஒன்று வெளியே வரும். அது காற்றுப்பை அல்ல, இரைப்பை, அதைக் குத்தாதீர்கள். எடை கட்டிய கிளிப்பால் தாடையைப் பிடித்து மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி இருக்கிறது, ஆழத்தில் பிடிக்கிறவர்கள் ஒன்று வைத்திருக்க வேண்டும். சட்டப்படி அளவில் சிறிய மீன், தடைக்காலத்து மீன் எல்லாம் விட வேண்டியவைதான், அளவுகோல் படகிலேயே இருக்கட்டும்.

வைப்பதானால் உடனே மூளையில் குத்தி, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டிக்குள் போடுங்கள். உப்பு கலந்ததால் அந்தக் கலவை 0 டிகிரிக்கும் கீழே போகும், வெறும் ஐஸ் கட்டியின் மேல் வைப்பதைவிட வேகமாக மீன் குளிரும். சூரை, அயிலை வகைகளை வெயிலில் விட்டால் உடம்பில் ஹிஸ்டமின் உண்டாகும், எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. பவளப் பாறைகளை ஒட்டி வளரும் பெரிய சீலா, பெரிய களவாவில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம், அதையும் நெருப்பு அழிக்காது, குளிரும் அழிக்காது. அந்த மாதிரி இடங்களில் ரொம்பப் பெரியதை நான் வைத்துக்கொள்வதில்லை. கெளுத்தி, திருக்கை போன்றவற்றின் நச்சு முள் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், வலி குறையும் வரை ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை முக்கி வைக்க வேண்டும், அப்புறம் மருத்துவரிடம்.

திரும்பும்போது மேற்கில் மேகம் கறுத்தது. இடி கேட்டால் பேச்சே இல்லை, கரைதான். கார்பன் ராடுகள் மின்சாரத்தைக் கடத்தும், நட்டமாக நிறுத்தி வைத்திருந்தவற்றை எல்லாம் படுக்கப் போடுங்கள்.

கரையில் எல்லாச் சாமானையும் நன்னீரில் கழுவுங்கள், ரீலுக்கு மெல்லிய தூவல் போதும், வேகமாக அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். லீடரின் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எறியுங்கள். அன்றைக்கு எங்களுடையது முழுக்க ரம்பம் மாதிரி இருந்தது, இன்னும் ஐந்து நிமிடம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். பம்பின் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் செதிலை எடுத்துவிட்டு, மறுபடி மாட்டுங்கள், வால்வைத் திறந்த நிலையிலேயே விடுங்கள். நண்பர் அதைக் குனிந்து இரண்டு தடவை சரிபார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தார்.